வாக்குச்சீட்டும் வாய்ப்பூட்டும்

அன்புள்ள கயல்விழிக்கு,

சொந்த ஊரில் வாக்குரிமைக்கே அடியும் உதையும் வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர்கள், எங்கோ வியட்நாமில் நடந்த போரில் ஏன் மூக்கை நுழைத்தார்கள் என்று கேட்டிருந்தாய். எடுத்த காரியத்தோடு நின்றிருந்தால் இன்னும் கொஞ்சம் சாதித்திருக்கலாம் என்பது உன் எண்ணம். அந்தக் காலத்திலேயே விவரமறிந்த பலர் இப்படித்தான் சொன்னார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நாட்டின் போரைப் பற்றிக் கருத்துச் சொன்னால் பறிபோகும் என்றால், அந்த வாக்குரிமை அரை உரிமைதான். வழக்கமாக இதை மார்ட்டின் லூதர் கிங்கை வைத்துப் பேசுவார்கள். அவரைவிட இளையவரான ஜூலியன் பாண்டின் வழக்கு இதை இன்னும் தெளிவாகக் காட்டும்.

பாண்ட் 1965 ஜூனில், 25 வயதில், அட்லாண்டாவிலிருந்து ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஸ்நிக் எனப்பட்ட மாணவர் போராட்ட அமைப்பின் செய்தித் தொடர்பாளராகவும் இருந்தார். அவர் பதவியேற்கவிருந்த நாளுக்குச் சற்று முன்பு, 1966 ஜனவரி 3ஆம் தேதி இரவில், அலபாமாவின் டஸ்கீகி ஊரில் ஒரு பெட்ரோல் பங்கில் தகராறு மூண்டது. வெள்ளையருக்கென ஒதுக்கியிருந்த கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றார் சாமி யங் என்ற 21 வயதுக் கறுப்பின மாணவர். அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். வாக்காளர் பதிவு வேலையிலும் ஈடுபட்டிருந்தவர். பொது இடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடை செய்த 1964ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது அமலில்தான் இருந்தது. சுட்டவரை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 1966 இறுதியில் விடுதலை செய்தது. நாட்டுக்காகக் கடலுக்குப் போய்வந்தவனுக்கு நாட்டுக்குள் ஒரு கழிப்பறைக் கதவு திறக்கவில்லை. போரையும் உரிமையையும் முடிச்சுப் போட்டது தலைவர்களின் வீண் ஆர்வம் அல்ல, இந்தக் கொலைதான். மூன்றாம் நாள் ஸ்நிக் ஓர் அறிக்கை வெளியிட்டது. வியட்நாம் மக்களின் சுதந்திரத்துக்காகப் போரிடுகிறோம் என்று அரசு சொல்வதை நம்ப முடியாது, உள்நாட்டில் கறுப்பினத்தவர் விஷயத்தில் அது நடந்துகொள்ளும் லட்சணம் தெரியும் என்றது. கட்டாய ராணுவச் சேர்ப்பை மறுக்கும் இளைஞர்கள் பக்கம் தன் அனுதாபம் இருக்கிறது என்றது. பாண்ட் அதை ஆமோதித்தார்.

ஜனவரி 10ஆம் தேதி சட்டமன்றம் கூடியது. இப்படிப் பேசுகிறவர் அரசியல் சட்டத்தைக் காப்பதாக மனமாரப் பிரமாணம் எடுக்க முடியாது என்று காரணம் சொல்லி, 184க்கு 12 என்ற வாக்கு வித்தியாசத்தில் அவருக்கு இருக்கை தர மறுத்தார்கள். பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை. எடுக்கத் தயாராக வந்தவரைத்தான் தடுத்தார்கள். காலியான அதே இடத்துக்குத் தேர்தல் வைத்தார்கள். தொகுதி மக்கள் பாண்டையே மறுபடியும் அனுப்பினார்கள். அப்போதும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1965 ஆகஸ்டில் ஜனாதிபதி ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டு ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. வாக்குப் பெட்டிவரை வர அனுமதி உண்டு, உள்ளிருந்து வெளிவருபவர் நாங்கள் ஏற்கிற மாதிரி பேச வேண்டும் என்பதே ஜார்ஜியா சொன்ன சேதி.

இதற்கிடையில் பாண்ட் நீதிமன்றம் போயிருந்தார். அங்கே ஜார்ஜியா அரசுத் தரப்பு வைத்த வாதத்தை அலட்சியமாக ஒதுக்கிவிடாதே. சாதாரணக் குடிமகன் எதையும் பேசலாம், சட்டம் இயற்றுகிறவரிடம் கூடுதல் விசுவாசத்தை எதிர்பார்ப்பதில் என்ன தவறு என்று கேட்டார்கள். ராணுவச் சேர்ப்பைத் தட்டிக்கழிக்கத் தூண்டுவது சட்டப்படி குற்றம் என்பதும் உண்மை. கீழ் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் இருவர் இந்த வாதத்தை ஏற்றார்கள். 1966 டிசம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளியது. பாண்டின் பேச்சு யாரையும் சட்டத்தை மீறத் தூண்டவில்லை என்று கண்டது. மக்கள் பிரதிநிதிக்குக் கருத்துச் சொல்லும் சுதந்திரம் குறையக் கூடாது, சர்ச்சைக்குரிய கொள்கைகளைப் பற்றிப் பேசவே அவர் அனுப்பப்படுகிறார் என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார். எதிர்த் தரப்பின் வாதத்தை அப்படியே திருப்பிப் போட்ட தீர்ப்பு இது. மிகச் சரியான தீர்ப்பும்கூட.

உன் கேள்வியின் கடினமான பகுதி அடுத்தது: உரிமை இருக்கட்டும், அது புத்திசாலித்தனமா? 1967 ஏப்ரல் 4ஆம் தேதி நியூயார்க்கின் ரிவர்சைட் தேவாலயத்தில் கிங் போரைக் கண்டித்ததும், என்ஏஏசிபி என்ற மூத்த உரிமை அமைப்பே உரிமை இயக்கத்தையும் போர் எதிர்ப்பு இயக்கத்தையும் கலப்பது பெரிய தந்திரப் பிழை என்றது. நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதிச் சாடியது. இரண்டு பெரிய சட்டங்களைத் தந்த ஜான்சனுடன் உறவு அறுந்தது. இழப்பு சிறியதல்ல. போர் கறுப்பினத்தவரை மட்டும் கொன்றது என்று சிலர் எழுதுவதும் மிகை: தொடக்க ஆண்டுகளில் இறந்தவர்களில் அவர்கள் பங்கு மக்கள்தொகை விகிதத்தைவிட வெகு அதிகம், மொத்தப் போருக்கும் சேர்த்தால் அது ஏறக்குறைய 12 சதவீதம், அதாவது விகிதத்தை ஒட்டியே வருகிறது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்றும் பார்க்க வேண்டும். போர்ச் செலவை ஈடுகட்ட 1968 ஜூனில் வருமான வரி மேல் 10 சதவீதக் கூடுதல் வரி வந்தது. அதற்கு விலையாக, செலவில் 600 கோடி டாலரை வெட்ட வேண்டும் என்று காங்கிரஸ் நிபந்தனை போட்டது. ஜான்சனின் வறுமை ஒழிப்புத் திட்டங்கள் ஏற்கெனவே பணமின்றி இளைத்துக் கிடந்தன. போரை எதிர்க்காமல் ஜான்சனின் நட்பைக் காப்பாற்றிக்கொண்டவர்களாலும் அந்தத் திட்டங்களைக் காப்பாற்ற முடியவில்லை. போர்தான் அவற்றைத் தின்றது. கிங்கின் பேச்சு அல்ல.

பாண்ட் 1967 ஜனவரியில் இருக்கையில் அமர்ந்தார். ஜார்ஜியாவின் இரு அவைகளிலுமாக 20 ஆண்டுகள் இருந்தார். பிறகு, கிங்கைக் கண்டித்த அதே என்ஏஏசிபிக்கு 1998 முதல் 2010 வரை தலைவராகவும் இருந்தார். பாண்ட் எதிர் ஃபிளாய்ட் என்ற அந்தத் தீர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது. ஸ்நிக் அறிக்கையும் பாண்ட் வானொலிக்குத் தந்த பேட்டியும் அதிலேயே இருக்கின்றன. முதலில் அவற்றைப் படித்துவிட்டு, அவரை வெளியே நிறுத்தப் போதிய காரணம் இருக்கிறதா என்று நீயே முடிவு செய். பிறகு நீதிபதிகள் சொன்னதைப் படி. எங்கே மாறுபடுகிறாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா