இறுதிப் போட்டிகளின் நாயகன்

கேள்வி: அர்ஜென்டினா கால்பந்து என்றாலே மெஸ்ஸியைத்தான் பேசுகிறோம். ஏஞ்சல் டி மரியாவுக்கு உரிய இடம் கிடைத்ததா?

பதில்: இல்லை என்றே சொல்வேன். மெஸ்ஸி பிறந்த அதே ரொசாரியோ நகரில் 1988-ல் பிறந்தவர் டி மரியா. தந்தை கரி வியாபாரத் தொழிலாளி. உள்ளூர் ரொசாரியோ சென்ட்ரலில் தொடங்கி பென்ஃபிகா, ரியல் மாட்ரிட், மான்செஸ்டர் யுனைடெட், பிஎஸ்ஜி, யுவென்டஸ் என விளிம்போர ஆட்டக்காரராக வலம் வந்தார்.

அவருடைய பெருமை இறுதிப் போட்டிகளில் தெரியும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நைஜீரியாவுக்கு எதிரான ஒரே கோல் அவருடையது. 2021 கோபா அமெரிக்காவில், மரக்கானா மைதானத்தில் பிரேசிலை வீழ்த்திய ஒரே கோலும் அவருடையதே. இரண்டிலும் முன்னேறி வந்த கோல்கீப்பரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டார். 2021 வெற்றியோடு அர்ஜென்டினா சீனியர் அணியின் 28 ஆண்டுக் கோப்பை வறட்சி முடிந்தது.

2014 உலகக் கோப்பை இறுதியில் காயத்தால் ஆட முடியவில்லை. 2022-ல் கத்தாரில் பிரான்ஸுக்கு எதிரான இறுதிப் போட்டியில் பயிற்சியாளர் ஸ்கலோனி அவரை இடது பக்கம் இறக்கினார். பிரான்ஸ் தடுமாறியது. முதல் பெனால்டியைப் பெற்றுத் தந்தவரும், இரண்டாவது கோலை அடித்தவரும் அவரே. 64-வது நிமிடம் அவர் வெளியேறியபோது அர்ஜென்டினா 2-0 முன்னிலை. பிறகுதான் பிரான்ஸ் மீண்டெழுந்தது.

2024 கோபா வெற்றியோடு தேசிய அணியிலிருந்து விடைபெற்றவர், 2025-ல் ரொசாரியோ சென்ட்ரலுக்கே திரும்பினார். மெஸ்ஸி இந்த அணியின் இதயம் என்றால், அதன் கோப்பைகளை உறுதிசெய்தவர் டி மரியா.