பாட்டியின் மாத்திரையும் பேரனின் போனும்



முதியவர்கள் மாத்திரையைத் தவறவிடுவதற்கு மறதி ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. நாட்பட்ட நோய்களுக்குத் தரப்படும் மருந்தை, வளர்ந்த நாடுகளிலேயே சுமார் பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் கணக்குச் சொன்னது. தெருமுனையில் மருந்துக் கடை இருக்கும் ஊர்களின் நிலை அது. தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காரணங்கள் இன்னும் கூடுதல். மாத்திரை தீர்ந்திருக்கும், தாலுகா ஊரான ஜமுனாமரத்தூர் போய் வாங்கி வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். தலைசுற்றல் நின்றதும் நோய் போய்விட்டதாக நினைத்து நிறுத்திவிடுவதும் உண்டு. போன மாதம் மஞ்சளாக இருந்த மாத்திரை இந்த மாதம் வெள்ளையாக வந்தால், எழுத்துப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அது வேறு மாத்திரை. எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். சாமை அறுவடை நாளில் விடிந்ததும் கொல்லைக்குப் போய்விடுகிறவர், காலைச் சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டியதை எந்த நேரத்தில் போடுவார் என்பதும் கேள்விதான்.

அதனால் நினைவூட்டுவதற்குப் போனைக் கையில் எடுக்கும் முன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தீர்ந்துபோன மாத்திரைக்கு அலாரம் அடித்துப் பயனில்லை.

இந்த விஷயத்தில் ஆராய்ச்சி முடிவுகள் கொஞ்சம் குழப்பமானவை. குறுஞ்செய்தி அனுப்பினால் மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவோர் கணிசமாகக் கூடுகிறார்கள் என்று 2016-இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. 16 ஆய்வுகள், 2,742 பேர். நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அவர்களின் இடைநிலை வயது 39. எழுபது வயதுப் பாட்டிக்கும் அதே பலன் கிடைக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இன்னொரு ஆய்வு வெளிவந்தது. சாதாரண மாத்திரை டப்பா, திறந்து எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டும் மூடி, மாத்திரை போட்டதைக் குறிக்க நாள்தோறும் தள்ளிவிடும் பட்டை ஆகியவற்றை ஆளுக்கு ஒன்றாகத் தபாலில் அனுப்பினார்கள். எதனாலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. காரணம் கேட்காமல் கருவியைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

கென்யாவில் எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுவோரிடம் நடந்த வெல்டெல் ஆய்வு வேறு வழியில் போனது. அதன் முடிவு 2010-இல் வெளியானது. வாரம் ஒரு முறை 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று மட்டும் குறுஞ்செய்தி போகும். மருந்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. நன்றாக இருக்கிறேன் என்றோ, சிக்கல் இருக்கிறது என்றோ அவர்கள் பதில் அனுப்ப வேண்டும். சிக்கல் என்று வந்தால் செவிலியர் போனில் கூப்பிடுவார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதாகச் சொன்னவர்கள், செய்தி வராத பிரிவில் 50 சதவீதம்; வந்த பிரிவில் 62 சதவீதம். அலாரத்தால் மறதிக்கு மட்டும்தான் உதவ முடியும். பதிலைக் கேட்டுக்கொள்ள எதிர்முனையில் ஒரு ஆள் இருந்தால் மற்ற காரணங்களும் வெளியே வரும்.

இனி மலைக்கு வருவோம். காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இந்த மலையிலிருந்துதான் தொலைதூர நட்சத்திரங்களைப் பார்க்கிறது. அதே மலையில் பல குக்கிராமங்களில் பேசுவதற்கு டவர் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கிறது. ஆகவே இங்கே ஒரு கருவியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, டவர் இல்லாதபோது அது வேலை செய்யுமா என்பதைத்தான்.

அந்தச் சோதனையில் தேறுவது பழைய பட்டன் போனின் அலாரம். அதற்கு சிம் வேண்டாம், இணையம் வேண்டாம். ஒரு முறை சார்ஜ் போட்டால் சில நாள் தாங்கும் என்பதால் மின்வெட்டும் பெரிய இடைஞ்சல் ஆகாது. அலாரம் வைப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. காலை எட்டு மணி என்று பொதுவாக வைக்கக் கூடாது. அந்த வீட்டில் உலை இறங்கி, பாட்டி கஞ்சியோ களியோ சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்கு வைக்க வேண்டும். கொல்லைக்குப் போகும் பருவத்தில் அந்த நேரம் மாறும்; அலாரமும் மாற வேண்டும். போன் மாடத்தில் இருந்தால் மாத்திரையும் மாடத்தில், குடிக்கத் தண்ணீர்ச் செம்பும் பக்கத்தில். மணி கேட்டு எழுந்து, மாத்திரையைத் தேடி, தண்ணீருக்கு அடுப்படிக்குப் போவதற்குள் வாசலில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அதோடு அந்த வேளை போயிற்று.

டச் போன் இருக்கும் வீட்டில் இதையே இன்னும் நன்றாகச் செய்யலாம். பல போன்களில் பதிவு செய்த குரலையே அலாரச் சத்தமாக வைக்க முடியும். "பாட்டி, சாப்ட்டாச்சா? வெள்ளை மாத்திரை ஒண்ணு போட்டுக்கோ" என்று பேரன் குரலில் வரும் சொல், எந்த மணியோசையையும் விட வேகமாக வேலை செய்யும். மாத்திரையின் நிறம் மாறினால் பதிவையும் அன்றே மாற்ற வேண்டும். இது அற்ப விஷயம் அன்று. மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறியபின் அதை நிறுத்திவிடுவோர் கூடுகிறார்கள் என்று மாரடைப்பு வந்தவர்களிடம் நடத்திய அமெரிக்க ஆய்வொன்று 2014-இல் கண்டது. புது அட்டை வந்ததும் பழைய அட்டையோடு சேர்த்து வைத்துப் படம் எடுத்து, டவர் கிடைக்கும் இடத்திலிருந்து கிராம சுகாதாரச் செவிலியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'இரண்டும் ஒன்றா?' என்று கேட்டுவிடலாம். மலையில் டச் போனுக்கு இதைவிட நல்ல பயன் இல்லை.

சில மருந்துகளில், தவறவிடுவதைவிட ஆபத்தானது, போட்டதை மறந்து இன்னொரு முறை போடுவது. மெடிசேஃப் என்ற மருந்துச் செயலி பிறந்த கதையே அதுதான். இன்சுலின் போட்டுக்கொண்டதை மறந்து ஒரு தந்தை மறுபடியும் போட்டுக்கொண்டார். அவருடைய மகன்கள் இருவர் 2012-இல் அந்தச் செயலியைத் தொடங்கினார்கள். போட்டதும் தொட்டுக் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் உறவினர் ஒருவரின் போனுக்குத் தகவல் போகும். பேரன் ஊரில் இருக்கும்போது இதெல்லாம் சரி. பட்டன் போன் வீட்டில் ஏழு நாளுக்கு ஏழு அறை கொண்ட பிளாஸ்டிக் டப்பா போதும். செவ்வாய் அறை காலியாக இருந்தால் செவ்வாய்க்குப் போட்டாயிற்று என்று அர்த்தம். வாரம் ஒரு நாள் அதை நிரப்பும் வேலை பேரனுடையது.

சாதாரண போனுக்கென்றே யோசித்த கருவிகளில் 99டாட்ஸ் பெயர் பெற்றது. காசநோய் மருந்துக்காக மைக்ரோசாஃப்டின் பெங்களூரு ஆய்வகத்தில் உருவாகி, நாட்டின் காசநோய்த் திட்டத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு உறை இருக்கும். மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால்தான் அதன் பின்னே மறைந்திருக்கும் போன் எண் தெரியும். அந்த எண்ணுக்குக் காசு செலவில்லாத ஓர் அழைப்பு. அன்றைய கணக்கு முடிந்தது. சென்னை, வேலூர், மும்பை நகரங்களில் நோயாளிகளிடமும் ஊழியர்களிடமும் ஆய்வாளர்கள் பேசிப் பார்த்தபோது, சொந்த போன் இல்லாமை, டவர் கிடைக்காமை என்ற பழைய தடைகளே முன்னால் வந்தன. மும்பையில் சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டபோது, மாத்திரையைப் போட்டும் அழைக்காதவர்கள் இருந்தார்கள். போடாமலே அழைத்தவர்களும் இருந்தார்கள். கருவியில் பதிவாவது அழைப்பு மட்டுமே. மாத்திரை வயிற்றுக்குப் போனதா என்பது அதற்குத் தெரியாது. திறந்ததைப் பதிவு செய்து விளக்கு எரியும் மின்னணு மருந்துப் பெட்டிக்கும் இதே குறை உண்டு.

வெல்டெல் ஆய்வில் செவிலியர் இருந்ததுபோல், பதிலைக் கேட்டுக்கொள்ளும் ஆள் தமிழ்நாட்டில் வீட்டுக்கே வருகிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தொடர்ந்து மருந்து தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே மாத்திரை தருகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு 2024-இல் இதற்கு விருது அளித்தது. மாத்திரை தீரும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே போன் காலண்டரில் நினைவூட்டல் வைத்து, வீட்டில் மிச்சம் இருப்பதை எண்ணித் தன்னார்வலரிடம் சொல்வது, தினசரி அலாரத்தைவிட முக்கியமான வேலை. மிச்சம் அதிகமாக இருந்தால் தவறிய வேளைகளின் எண்ணிக்கையும் அதிலேயே தெரிந்துவிடும்.

கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ வேலைக்குப் போன பிள்ளைகளின் வீடுகளில் கிழவனும் கிழவியும் மட்டுமே இருப்பார்கள். அங்கே வெளியூரிலிருந்து வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில் வரும் போன்தான் கருவி. 'மாத்திரை போட்டியா?' என்று கேட்டால் 'போட்டேன்' என்றுதான் பதில் வரும். 'அட்டையில் இன்னும் எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லு' என்று கேட்பது நல்லது. பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்து எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது.

தவறிய வேளைக்குச் சேர்த்து அடுத்த வேளையில் இரண்டாகப் போடக் கூடாது. சில சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், தடுமாற்றம் அதன் அடையாளங்கள். நினைவு இருந்தால் உடனே சர்க்கரையோ வெல்லமோ கரைத்துக் கொடுக்க வேண்டும், நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஆகவே அலாரம் அடித்தும் சாப்பாடு ஆகவில்லை என்றால், அலாரம் காத்திருக்கலாம். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவற்றைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. சந்தேகம் கேட்க 104 என்ற உதவி எண் இருக்கிறது.

இதில் பாட்டியின் சம்மதமும் ஒரு பகுதி. என்ன மாத்திரை என்று வீடே கேட்க அலாரம் சொல்வதை அவர் விரும்பாமல் இருக்கலாம். அப்போது 'பாட்டி, தண்ணி குடி' என்று பதிவு செய்தாலே அவருக்குப் புரியும். மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது என்று ஒருவர் ஒளித்து வைத்தால், அதைக் கண்டுபிடித்து அதட்டுவது பேரன் வேலை இல்லை. அந்தச் சேதியைச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சேர்ப்பதுதான் அவன் வேலை. மாத்திரையை மாற்றவோ அளவைக் குறைக்கவோ அவர்களால் முடியும்.