பச்சை நீரும் புற ஊதா விளக்கும்

தோட்டத்துச் சிறு குளத்தில் மீன் வளர்க்கும் அங்கத்தினர்கள், கோடை வந்ததும் நீர் பச்சை நிறம் அடைவதைக் கண்டிருப்பர். நீரை இறைத்துவிட்டுப் புதுநீர் நிரப்பினாலும் சில நாட்களில் அதே பச்சை திரும்புகிறது. இதன் காரணத்தை அறியாமல் செய்யும் செலவு வீண் செலவேயாகும்.

நீரில் மிதக்கும் ஓரணுப் பாசியே இந்நிறத்திற்குக் காரணம். மீனின் கழிவும், மிஞ்சிய இரையும், மழைநீரோடு பாத்திகளிலிருந்து வழிந்துவரும் உரமும் அதற்கு உணவு; வெயில் அதற்குத் துணை. பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவிலோ மீனைப் போலவே அதனை உட்கொள்கிறது. ஆகவே பாசி மிகுந்த குளத்தில், விடியற்காலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாய் திறந்து தவிப்பதுண்டு; சில வேளை இறப்பதும் உண்டு.

சூரிய ஒளி நுண்ணுயிர்களைக் கொல்வதை டவுன்ஸ், பிளண்ட் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1877-இல் எடுத்துக்காட்டினர். பிரான்சின் மார்சேய் நகரில் 1910-இல் குடிநீரைத் தூய்மை செய்யப் புற ஊதா விளக்கு பயன்பட்டது. குளத்து விளக்கும் அதே தத்துவத்தில் இயங்குவதாகும்.

இதன் அமைப்பு எளிது. பாதரச ஆவி விளக்கு ஒன்று குவார்ட்ஸ் குழாயினுள் இருக்கும். சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடுமாதலால் குவார்ட்ஸ் அவசியமாகிறது. பம்பு, குளத்து நீரை அக்குழாயைச் சுற்றிச் செலுத்தும். சுமார் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர் பட்டதும் பாசி பெருகும் ஆற்றலை இழந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அத்திரளை வடிகட்டி பிடித்துக்கொள்ளும். நீர் தெளிய ஓரிரு வாரமாகும்.

கவனிக்க வேண்டியவை:

1. வடிகட்டியை அடிக்கடி கழுவுதல் வேண்டும். இல்லையேல் மடிந்த பாசி அழுகி, மீண்டும் எருவாகிவிடும்.

2. கல்லில் ஒட்டி வளரும் நூற்பாசியை இவ்விளக்கு அழிக்காது. அதைக் கையால்தான் அகற்ற வேண்டும்.

3. சுமார் ஓராண்டு இடைவிடாது எரிந்தபின் விளக்கின் கதிர் வலிமை குன்றும். வெளிச்சம் தெரிகிறதே என்று ஏமாறலாகாது, மாற்றிவிட வேண்டும்.

4. குவார்ட்ஸ் குழாயில் படியும் சுண்ணாம்பைக் காடியால் துடைத்தல் நன்று.

5. எரியும் விளக்கை வெறுங்கண்ணால் பார்த்தல் கூடாது. கண்ணும் தோலும் கெடும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே கலத்தைத் திறக்கவேண்டும்.

விளக்கு பாசியை அகற்றுமேயன்றி, பாசியின் உணவை அகற்றாது. ஆகவே, மீன்கள் சில நிமிடங்களில் தின்று தீர்க்குமளவே இரையிடுக. உர நீர் புகாதவாறு கரையை உயர்த்துக. அல்லி, தாமரை இலைகளால் நீர்ப்பரப்பிற்குச் சிறிது நிழல் தருக. இவற்றைச் செய்த பின்னும் பச்சை நீங்காவிடில் மட்டுமே விளக்கு வாங்குவது சிக்கனமாகும்.