மதியத்து வெண்மேகம் மாலையில் இடிக்குமா?

மாணவர்களே, பிற்பகல் 1 மணி. பள்ளித் திடலுக்கு மேலே பஞ்சுப்பொதி போன்ற திரள் மேகங்கள். 3 மணிக்குக் காற்பந்துப் பயிற்சி. அதற்குள் இவை இடிமேகமாக வளருமா? தாளும் பென்சிலும் எடுங்கள், கணக்கிட்டுப் பார்ப்போம்.

படி 1: மேகத்தின் அடி
தரையில் வெப்பநிலை 32 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, அதாவது பனிநிலை, 24 பாகை. இரண்டின் வேறுபாட்டை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடி இருக்கும் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும்: 8 × 125 = 1,000 மீட்டர்.

படி 2: மேலேறும் காற்று
உயரே அழுத்தம் குறைவு. அதனால் மேலேறும் காற்று விரிந்து, கிலோமீட்டருக்குச் சுமார் 10 பாகை குளிர்கிறது. 1 கி.மீ. உயரத்தில் அது 22 பாகை. அங்கே நீராவி துளியாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. எனவே, அதற்கு மேல் கிலோமீட்டருக்குச் சுமார் 4 பாகைதான் குளிரும். 3 கி.மீ. உயரத்தில்: 22 − (2 × 4) = 14 பாகை.

படி 3: ஒப்பிடுதல்
அதே உயரத்தில் சுற்றியுள்ள காற்று 11 பாகை என்றால், மேகக்காற்று வெப்பமானது, இலேசானது, தொடர்ந்து ஏறும். சுற்றுக்காற்று 15 பாகை என்றால், மேகம் அதற்கு முன்பே நின்றுவிடும்.

ஏறும் மேகம் நம் வட்டாரத்தில் சுமார் 5 கி.மீ. உயரத்தில் உறைநிலையைத் தாண்டும். அதற்கு மேல் பனிப்படிகங்களும் சிறு பனி உருண்டைகளும் மோதுவதால் மின்னூட்டங்கள் பிரிகின்றன. மின்னல் அங்கிருந்தே பிறக்கிறது.

நம் கணக்கில் ஒரு குறை உண்டு. மேகத்தின் ஓரங்களில் கலக்கும் வறண்ட காற்றை நாம் சேர்க்கவில்லை. பல மேகங்கள் அதனாலேயே வளராமல் கலைகின்றன. கணினி மாதிரிகள் இதையும் கணக்கில் கொள்கின்றன. சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் ‘சிங்-வி’ மாதிரி வானத்தை 1.5 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஆனால் இளம் மேகம் ஒரு கட்டத்தைவிடச் சிறியதாக இருக்கலாம். ஆகவே, இடி எந்தத் திடலின் மேல் என்று முன்கூட்டியே சொல்வது கடினம்.

அதனால் கடைசிக் கணக்கு உங்களுடையது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடி என்றால் தூரம் 1 கி.மீ. 30 விநாடி என்றால் 10 கி.மீ. அந்தத் தூரத்திலிருந்தும் அடுத்த மின்னல் உங்களை எட்டலாம். ஆட்டத்தில் எத்தனை கோல் என்றாலும், இடி கேட்டதும் கட்டடத்துக்குள் செல்லுங்கள்.

செய்து பாருங்கள்: வெப்பநிலை 30, பனிநிலை 24 பாகை. மேகத்தின் அடி எங்கே? 2.75 கி.மீ. உயரத்தில் சுற்றுக்காற்று 16 பாகை என்றால், மேகம் அதைத் தாண்டி வளருமா?