இன்று களமிறங்கும் ஐவர் யார்? கம்ப்யூட்டர் பட்டியல் எடுக்கும் விதம்

கூடைப்பந்து ஆட்டத்தை 1891-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உருவாக்கியவர் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர். நம்மவர்க்கும் இது அந்நிய ஆட்டமல்ல. தெற்கு ரயில்வேயில் பணிபுரிந்தபடியே இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய சென்னை அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கள் ரயில்வேக்காரர் என்பதில் எனக்குச் சற்றுக் கூடுதல் பெருமை!

ஓர் அணியில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் ஆடுவார்கள். முதலில் இறங்கும் அந்த ஐவர் யார் என்பது கடைசி நேரம் வரை மாறக்கூடியது. சர்வதேச விதிப்படி ஆட்டத்திற்குக் குறைந்தது 10 நிமிடம் முன்பாகப் பயிற்சியாளர் அவர்களைக் குறிப்பிட்டு, ஸ்கோர் தாளில் கையெழுத்திட வேண்டும். அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் 2019 முதல் இது 30 நிமிடம். இப்பட்டியலை நாள்தோறும் தானாக எடுத்துத் தரும் மென்பொருள்கள் உள்ளன. நம் பிள்ளைகள் சிலர் பைத்தான் படிக்கிறார்கள். அவர்கள் எழுதிப் பார்க்க இதைவிட நல்ல பாடம் எளிதில் கிடைக்காது.

ரயில் சார்ட்டை நினைத்துக் கொள்ளுங்கள். பல மணி நேரம் முன்பே முதல் சார்ட் வரும். வண்டி புறப்படச் சுமார் அரை மணி இருக்கும்போது இரண்டாவது சார்ட். இடையில் ஆர்.ஏ.சி. பயணிக்குப் படுக்கை கிடைத்திருக்கும். இங்கும் அப்படித்தான். ஆட்டத்திற்கு முந்தின நாள் அணிகள் காயப்பட்டவர்கள் விவரத்தைத் தருகின்றன: ஆடமாட்டார், சந்தேகம், ஆடக்கூடும் என்று படிப்படியாக. அதை வைத்து விஷயம் தெரிந்தவர்கள் ஒரு உத்தேசப் பட்டியல் போடுவார்கள். உறுதியான பட்டியல் பின்னால் வரும். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் அருகில் ‘உத்தேசம்’ அல்லது ‘உறுதி’ என்ற நிலையையும், அதை எடுத்த நேரத்தையும் மென்பொருள் எழுதி வைக்க வேண்டும். உறுதியானதன் மேல் பழைய உத்தேசம் வந்து அமர்ந்துவிடக் கூடாது.

வேலை நடக்கும் விதம் எளிது. நம் கம்ப்யூட்டர் ஒரு முகவரிக்கு, ‘இந்தத் தேதியின் ஆட்டங்களைக் கொடு’ என்று கேட்கிறது. அங்கிருந்து ‘ஜேசன்’ என்ற வடிவில் வெறும் எழுத்தாகப் பதில் வருகிறது. அதைப் பிரித்து அட்டவணையில் போட வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலாவது தேதி. நியூயார்க்கில் டிசம்பர் 25 மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு 26-ஆம் தேதி காலை 5.30. ‘இன்றைய ஆட்டம்’ என்று நம் தேதியைக் கொடுத்தால் அடுத்த நாள் பட்டியல் வந்து நிற்கும். நள்ளிரவு 12.10 வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, ஒரு நாள் தாமதமாக ஸ்டேஷனுக்கு வரும் பயணியை ரயில்வேயில் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதே கதைதான். போதாததற்கு, அங்கே மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். அதனால் எல்லா நேரத்தையும் கிரீன்விச் நேரமாகச் சேமித்து, காட்டும்போது மட்டும் இந்திய நேரமாக மாற்றுவதே நல்லது.

இரண்டாவது பெயர். ஒக்லஹோமா சிட்டி அணியில் 2022-இல் ஜேலன் வில்லியம்ஸ், ஜேலின் வில்லியம்ஸ் என்று இருவர் சேர்ந்தார்கள். பெயரை நம்பினால் ஒருவருடைய இடத்தில் மற்றவர் உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு நிலையான எண் வேண்டும். டிக்கெட்டுக்கு பி.என்.ஆர். எண் போல.

நம் தீவுக்கே உரிய ஒரு கணக்கும் உண்டு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) மற்ற சில தீவுகளுக்கும் சேர்த்துச் சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோள்தான் கதி. அது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. கேள்வி ஏறி இறங்க 72,000 கி.மீ., பதிலுக்கும் அவ்வளவே. ஒளி வேகத்திலும் இதற்கு அரை விநாடி ஆகிவிடும். கேபிளில் சென்னை போய்வர ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். என்.பி.ஏ.யில் 30 அணிகள். அணிக்கு ஒரு கேள்வியாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால், செயற்கைக்கோள் வழியில் காத்திருப்பு மட்டுமே 15 விநாடி. நாள் முழுவதற்கும் ஒரே கேள்வியாகக் கேட்டால் அரை விநாடி! கேபிள் வந்துவிட்டதே என்று இந்தச் சிக்கனத்தை விட்டுவிடாதீர்கள். பதில் தருபவரின் கம்ப்யூட்டருக்கும் அது பாரம். சில நிமிடத்திற்கு ஒரு முறை கேட்டால் போதும். அவர்கள் தானியங்கிக் கேள்விகளை அனுமதிக்கிறார்களா என்பதை முதலில் படித்துப் பாருங்கள்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. இப்பட்டியலுக்கு இத்தனை கிராக்கி இருப்பதற்குப் பெரிய காரணம் பணப் பந்தயம். யார் இறங்கமாட்டார் என்று பத்து நிமிடம் முன்னால் தெரிந்தவனுக்கு அது காசு. 2025 அக்டோபரில், இத்தகைய உள்விவரம் பந்தயக்காரர்களுக்குப் போனது என்ற குற்றச்சாட்டில் என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஒருவரே கைதானார். நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. பையன் அதிகாலையில் எழுந்து பட்டியல் பார்க்கிறான் என்றால் திட்ட வேண்டாம். எதற்காகப் பார்க்கிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். புரோகிராம் எழுதுகிறவனானால் ஆர்வமாகக் காட்டுவான். காட்டத் தயங்கினால் விஷயம் வேறு.

மாணவர்களுக்குப் பயிற்சி: உங்கள் பள்ளியின் அடுத்த போட்டிக்கு ஆட்ட எண், அணி, ஆட்டக்காரர் எண், நிலை, எடுத்த நேரம் என்ற ஐந்து பத்திகளில் அட்டவணை தயாரியுங்கள். பிறகு இந்தக் கணக்கு: லாஸ் ஏஞ்சலீஸில் ஜனவரி 10 மாலை 7.30-க்கு ஆட்டம். அங்குள்ள நேரம் கிரீன்விச்சுக்கு 8 மணி பின்னால். நாம் ஐந்தரை மணி முன்னால். அரை மணி முன்பு வர வேண்டிய உறுதிப் பட்டியலை நாம் எப்போது எதிர்பார்க்கலாம்? விடை: ஜனவரி 11, காலை 8.30.