விடுமுறையில் உணவும் ஒரு சீனிக் கணக்கும்



நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. காலை பத்து மணி ஆகுமுன்பே கொட்டாவி விடும் பிள்ளைகள், பல்வலியால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பிள்ளைகள், இடைவேளையில் தட்டிலிட்ட சோற்றைத் தொடாமல் இனிப்புப் பானம் தேடும் பிள்ளைகள். காரணம் கேட்டால், பெற்றோர் பெரும்பாலும் பண்டிகைப் பலகாரத்தின் மேல்தான் பழியைப் போடுகின்றனர்.

நாம் அவ்வாறு எண்ணவில்லை. முறுக்கும் நெய்யுருண்டையும் மூன்று நான்கு நாட்களில் தீர்ந்துவிடும். அக்கம்பக்கத்து மலாய்க்காரர், சீனர் வீடுகளுக்கும் தட்டுத் தட்டாகப் போய்விடும். (நாமும் அதிரசப் பிரியர்தாம்; சட்டைப் பையில் நீரிழிவு மாத்திரை இருப்பதால் இப்பொழுது ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறோம்.) பண்டிகையன்று உண்பதைவிட, பண்டிகை இல்லாத மற்ற நாட்களில் உண்பதே உடலைக் கெடுக்கிறது.

பள்ளி நாட்களில் பிள்ளை விடியற்காலையில் எழுகிறான். இடைவேளை மணி தவறாமல் ஒரே நேரத்தில் அடிக்கிறது. ஆர்.எம்.டி. என்று நாம் அழைக்கும் துணை உணவுத் திட்டத்தில் உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே உணவு கிடைக்கிறது. சிலருக்கு அதுவே அன்றைய முதல் உணவு. விடுமுறை வந்ததும் இவை யாவும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. தாயும் தந்தையும் இருள் பிரியுமுன் பிரட்டுக்குப் போய்விடுகின்றனர். செம்பனைக் குலை வெட்டுபவர் பிள்ளை எழும் வரை காத்திருக்க இயலுமா? ஆகவே தாய்மாரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. பிள்ளை பத்து மணிக்கு எழுந்து, பிஸ்கட்டும் பொட்டலப் பானமும் எடுத்துக்கொள்கிறான். நண்பகலில் மேகி மீ. அப்படிப்பட்ட ஒரு பொட்டலத்திலேயே ஒரு நாளுக்குப் போதுமான உப்பில் ஏறத்தாழப் பாதி அடங்கிவிடுகிறது. பிறகு கைப்பேசி. இரவில்தான் வயிறாரச் சோறு.

இனி ஒரு கணக்குப் பாடம். கடையில் விற்கும் பானப் பொட்டலத்தின் பின்புறத்தில் 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் சீனி என்று அச்சிட்டிருப்பார்கள். 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 250 மில்லிலிட்டர் பொட்டலத்தில் 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. நாளொன்றுக்கு இரண்டு பொட்டலம் என்றால் 50 கிராம். இருபது நாள் விடுமுறைக்கு 1,000 கிராம். கடைக்காரர் தரும் ஒரு கிலோ சீனிப் பொட்டலம் முழுவதையும் ஒரு பிள்ளை தனியே குடித்துத் தீர்த்துவிடுகிறான்! தேநீரில் ஊற்றும் டின்பாலை இக்கணக்கில் நாம் சேர்க்கவில்லை. அதில் ஏறத்தாழப் பாதி சீனியே. பெயரில் பால் இருப்பதால் அது குழந்தைக்குப் பாலாகிவிடாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, வளர்ந்தவர் ஒருவருக்கே நாளொன்றுக்குச் சேர்த்த சீனி சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நன்று. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு நம் அரசாங்கம் 2019 ஜூலை முதல் தனி வரி விதித்து வருகிறது. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியாவில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவு உள்ளவர் எனத் தெரிந்தது. இந்தியர்களிடையே அவ்விகிதம் மற்ற இனத்தாரைவிடக் கூடுதலாகவே இருந்து வருகிறது. சிறுநீரகம் பழுதடைந்து, வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கிள்ளானுக்குச் சென்று வரும் உறவினர் ஒருவரையேனும் நம்மில் பலர் அறிவோம்.

என்ன செய்யலாம்? புதிதாகச் செலவு எதுவும் வேண்டியதில்லை. இரவில் வடிக்கும் சோற்றில் சிறிதளவை நீரூற்றி வைத்தால் காலையில் பழைய சோறு ஆயிற்று. அதனுடன் மோரும் வெங்காயமும் ஓர் அவித்த முட்டையும் இருந்தால், ஆறாம் ஆண்டு படிக்கும் அக்காளே தம்பிக்கு எடுத்து வைத்துவிடலாம். முதல் நாள் ஊறவைத்த கொண்டைக்கடலையைத் தாய் விடியலில் அவித்து வைத்துப் போகலாம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காமல் நம் பாட்டன்மார் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் பிழைத்தனர். அதை இன்று ஏழையின் உணவு என்று ஒதுக்குவோர் உளர். தனிக்கிழங்கு போதாதுதான், மீனோ பருப்போ கீரையோ சேர்ந்தால் அது நல்ல உணவே. லயத்துக்குப் பின்னால் முருங்கை நிற்கிறது; கங்கோங்கும் பப்பாளியும் கேளாமலே வளர்கின்றன. பறிக்கத்தான் ஆளில்லை.

சுகாதார அமைச்சு கூறும் ‘சுக்கு-சுக்கு செபாரோ’ முறை நம் மாணவர்கள் கற்ற பின்னக் கணக்கேயாகும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். பண்டிகை நாளிலும் முதலில் இத்தட்டு, பலகாரம் அதன் பிறகு. வெறும் வயிற்றில் பலகாரத்தைத் தொடங்கினால் கை நிற்காது என்பது நம் சொந்த அனுபவம்.

மாணவர்களே, இந்த விடுமுறைக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் தருகிறோம். பழைய பயிற்சிப் புத்தகத்தில் எஞ்சிய தாள்களைத் தைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் எழுந்த நேரம், முதலில் உண்டது, குடித்த பானத்தின் சீனி அளவு ஆகிய மூன்றையும் அதில் எழுதுங்கள். பொய் எழுத வேண்டாம். அதிகம் எழுதியவருக்குத் தண்டனை கிடையாது. பள்ளி திறக்கும் நாளன்று, கணக்குப் பாடவேளையில் அனைவருடைய சீனியையும் கரும்பலகையில் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்போம். ஆசிரியர்களின் கணக்கும் அதில் இருக்கும்.