அள்ளிப் போட்டால் மனம் லேசாகிவிடுமா?

அமெரிக்காவில் வீட்டு அடைசலைக் கூலிக்கு ஒழுங்குபடுத்தித் தரும் ஹோம் ஆர்கனைசர்களைத் தேடி வரும் பிள்ளைகள் பலருக்கு ஒரு யோசனை தயாராக இருக்கிறது: “அம்மா ஊரில் இல்லாதபோது வந்து எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடுங்கள். திரும்பி வந்து பார்த்தால் அவர் மனசே லேசாகிவிடும்.” அந்த அம்மாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? குவியல் நிறைந்த வீடுகளைக் காலிசெய்து காட்டும், 2009இல் தொடங்கிய ‘ஹோர்டர்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் இந்த நினைப்புக்கு நன்றாகத் தீனி போட்டது.

நம்பிக்கை: அடைசலை யார் அகற்றினாலும் நிம்மதி கிடைக்கும்.

உண்மை: கிடைக்காது. ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த உளவியலாளர் டேவிட் டோலின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பொருள்களைக் குவிக்கும் கோளாறு உள்ளவர்கள் வீட்டிலிருந்து பழைய தபால்களைக் கொண்டுவந்தார்கள். மூளை ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி, அவற்றிலும் அடுத்தவர் காகிதங்களிலும் ஒவ்வொன்றையும் வைத்துக்கொள்வதா கிழிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். அடுத்தவர் காகிதத்துக்கு மந்தமாக இருந்த சில மூளைப் பகுதிகள், சொந்தக் காகிதம் வந்ததும் அளவுமீறி இயங்கின. அவர்களைத் திணறடிப்பது முடிவெடுக்கும் அந்தக் கணம்தான். அதைப் பிள்ளைகள் தட்டிப் பறித்தால் பழக்கம் அப்படியே இருக்கும், குவியல் திரும்பும். பெற்ற பிள்ளை மீதே சந்தேகமும் வரும். இந்தக் கோளாறுக்கு ஆய்வாளர்கள் ராண்டி ஃப்ராஸ்ட்டும் கெயில் ஸ்டெக்கெட்டியும் வகுத்த சிகிச்சையில், அனுமதியின்றிச் சிகிச்சையாளர் எதையும் தொடக்கூடாது என்றே விதி.

நோய் இல்லாத சாதாரண அடைசலுக்கும் நல்ல ஆர்கனைசர் இப்படித்தான் வேலை செய்கிறார். முதலில் ஒரே ஓர் இழுப்பறை. “இது வேண்டுமென்றால் எங்கே தேடுவீர்கள்?” என்று ஒரு கேள்வி. பக்கத்தில் திட்டாத ஓர் ஆள். ஏடிஎச்டி என்னும் கவனக்குறைபாடு உள்ளவர்கள் பலர், கூட ஒருவர் உட்கார்ந்திருந்தாலே வேலை ஓடுகிறது என்கிறார்கள். அந்த இழுப்பறையின் முடிவுகள் அத்தனையும் தன்னுடையவை என்று தெரியும்போது வரும் தெம்பை எந்தக் குப்பை லாரியும் கொண்டுவந்து தராது.

நம்பிக்கை: ஆர்கனைசரை அழைப்பது, ஜப்பானிய ஒழுங்கமைப்பு நிபுணர் மேரி கோண்டோ கிளப்பிவிட்ட மோகம்.

உண்மை: அவர் புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது 2014இல். அமெரிக்க ஆர்கனைசர்கள் 1985லேயே சங்கம் வைத்துவிட்டார்கள்.

நம்பிக்கை: மேதைகளின் மேஜை கலைந்தே கிடக்கும்.

உண்மை: 1955இல் ஐன்ஸ்டைன் இறந்த அன்று எடுத்த, அவருடைய கலைந்த மேஜையின் படத்தைக் காட்டி இன்னும் எத்தனை பேர் தப்பிப்பது?

நம்பிக்கை: ஆர்கனைசர் வந்தால் மனநல மருத்துவர் தேவையில்லை.

உண்மை: குவிக்கும் கோளாறு 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோய். அதற்குச் சிகிச்சைதான் வேண்டும்.

நம்பிக்கை: அடைசல் வீட்டில் எல்லாரையும் ஒரே மாதிரி வாட்டும்.

உண்மை: லாஸ் ஏஞ்சலஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 30 குடும்பங்களை டார்பி சாக்ஸ்பியும் ரீனா ரெபெட்டியும் ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். தம்பதியர் தங்கள் வீட்டைத் தாங்களே வீடியோவில் சுற்றிக்காட்டினார்கள். அடைசல், அரைகுறை வேலை என்று வர்ணித்த மனைவியருக்கு, கார்டிசால் என்னும் மன அழுத்தச் சுரப்பு பகலில் இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை, மனச்சோர்வும் கூடியது. கணவர்களிடம் இது அத்தனை தெளிவாகத் தெரியவில்லை. அடைசல்தான் காரணம் என்று ஆய்வு நிரூபிக்கவில்லை, சரி. வீடு யார் தலையில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

அப்படியிருந்தும் ஆர்கனைசர் வரும் நாளில் கணவர் ஐயா வெளியே கிளம்பிவிடுகிறார். பணம் கொடுத்ததோடு கடமை முடிந்ததாம்! முதல் சந்திப்பைக் கணவரும் இருக்கும் நாளுக்கு வையுங்கள். அலமாரியில் எது எங்கே என்று அவரும் நின்று பதில் சொல்லட்டும். வர முடியாதென்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலையில், “கத்தரிக்கோல் எங்கே?” என்று மனைவியைத்தான் கேட்பார்.